மூட்டு சொன்னது, கல்லீரல் கேட்டது

(பொது நூலக அரங்கு ஒன்றில் வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஒரு மூட்டுநோய் மருத்துவர் நிகழ்த்திய உரையின் அச்சு வடிவம்)



மூட்டு நோய் பார்க்கும் மருத்துவரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு ஃபைலோடுதான் வருவார்கள். "சார், சிஆர்பி 24 இருக்கு", "ஆர்ஏ ஃபேக்டர் பாசிட்டிவ்னு போட்டிருக்கு", "ஈஎஸ்ஆர் 60 ஆயிடுச்சு" என்று பேச்சு எண்ணிலிருந்தே தொடங்கும். எங்கே வலிக்கிறது என்று நாங்கள் கேட்ட பிறகுதான் விரல்கள் ஞாபகத்துக்கு வரும். இந்த எண்கள் அத்தனையும் ரத்தப் பிளாஸ்மாவில் மிதக்கும் புரதங்களைப் பற்றியவை. அந்தப் புரதங்கள் எங்கே பிறக்கின்றன, வீங்கிய மூட்டுக்கும் அவற்றுக்கும் என்ன உறவு என்பதுதான் இன்றைய பேச்சு. அவற்றில் சில செய்தி சொல்பவை. சில நோயிலேயே பங்கு கொண்டவை. ஒன்றிரண்டு இரண்டு வேலையும் பார்ப்பவை. எது எந்த ரகம் என்று தெரியாமல் எண்ணைப் பார்த்து அஞ்சுவதும் தவறு, எண்ணைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போவதும் தவறு. இரண்டாவது தவறுதான் அதிகக் கெடுதல் செய்கிறது என்பேன்.

ரத்தத்திலிருந்து சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாவற்றையும் விலக்கிவிட்டால் மிஞ்சும் வெளிர்மஞ்சள் நீர்தான் பிளாஸ்மா. வளர்ந்த ஒருவர் உடம்பில் ஏறக்குறைய மூன்று லிட்டர் இருக்கும். ஒவ்வொரு லிட்டரிலும் 60 முதல் 80 கிராம் வரை புரதம். அதில் பாதிக்கு மேல் ஆல்புமின். அடுத்து இம்யூனோகுளோபுலின்கள், அதாவது எதிர்ப்பொருள்கள். ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜென் லிட்டருக்கு இரண்டிலிருந்து நான்கு கிராம். இவை போக மிகச் சிறிய அளவில் நூற்றுக்கணக்கான புரதங்கள். எதிர்ப்பொருள்களை வெள்ளையணுக்களின் வழிவந்த செல்கள் செய்கின்றன. மற்றவற்றில் பெரும்பங்கு கல்லீரலின் தயாரிப்பு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வீங்கியவருக்குக் கல்லீரல் செய்யும் பொருளை அளந்து பார்க்கிறோம் என்பதில் ஒரு விசித்திரம் இருக்கிறது.

இனி மூட்டுக்குள் போவோம். முழங்கால் மூட்டு பெரியதுதான். ஆனால் நலமாக இருக்கும்போது அதற்குள் இருக்கும் நீர் சில மில்லிலிட்டர் மட்டுமே. அந்த நீர் எங்கிருந்து வருகிறது? மூட்டின் உள்சவ்வில் ஓடும் நுண்குழாய்களில் இருந்து பிளாஸ்மா வடிந்து வருகிறது. அதோடு அந்தச் சவ்வின் செல்கள் சுரக்கும் ஹயலுரானிக் அமிலம் சேர்ந்து கொழகொழப்பைத் தருகிறது. வடியும்போது சின்னப் புரதங்கள் கடந்துவிடும், பெரியவை நின்றுவிடும். ஆல்புமின் உள்ளே வரும். ஃபைப்ரினோஜென் உருவத்தில் பெரியது, அது வெளியிலேயே தங்கிவிடும். அதனால் நலமான மூட்டிலிருந்து ஊசியால் எடுத்த நீரைக் குழாயில் எவ்வளவு நேரம் வைத்தாலும் உறையாது.

அழற்சி வந்த மூட்டில் இந்த ஒழுங்கு கெடுகிறது. நுண்குழாய்களின் சுவர் இளகி, பெரிய புரதங்களும் உள்ளே நுழைகின்றன. அந்த நீரைக் குழாயில் விட்டால் உறைந்துபோகும். செல்களை எண்ண அனுப்பும்போது உறைவு தடுக்கும் மருந்திட்ட குழாயில் அனுப்புவதற்குக் காரணம் இதுதான். உள்ளே நுழைந்த ஃபைப்ரினோஜென் அங்கேயே ஃபைப்ரின் இழைகளாக மாறிச் சவ்வின்மேல் படிகிறது. நாள்பட்ட முடக்குவாதத்தில் மூட்டைத் திறந்தாலோ கழுவினாலோ சில சமயம் அரிசி மணி அளவில் வெள்ளைத் துணுக்குகள் கொத்துக் கொத்தாக வெளியே வரும். அவற்றில் இருப்பது பெருமளவு இந்த ஃபைப்ரின்தான். காசநோய் மூட்டிலும் இதைப் பார்க்கலாம். இந்த ஃபைப்ரின் சும்மா கிடப்பதில்லை. வெள்ளையணுக்கள் அதைப் பற்றிக்கொண்டு மேலும் கிளர்ச்சி அடைகின்றன. ரத்தக் கசிவை நிறுத்த உருவான புரதம், வரக்கூடாத இடத்துக்கு வந்ததால் அழற்சிக்குத் தீனியாகிறது.

கல்லீரலுக்குச் செய்தி எப்படிப் போகிறது? வீங்கிய சவ்வில் குவிந்திருக்கும் செல்கள் சில சமிக்ஞைப் பொருள்களை வெளியிடுகின்றன. டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 என்பவை அவற்றில் முக்கியமானவை. கல்லீரலை எழுப்புவதில் முதன்மையானது இன்டர்லூக்கின்-6. ஜப்பானின் ஒசாக்காவில் கிஷிமோட்டோவும் ஹிரானோவும் 1986-இல் இதன் மரபணுவைப் பிரித்தெடுத்தபோது, எதிர்ப்பொருள் செய்யும் செல்களைத் தூண்டும் பொருளைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். கல்லீரல் செல்களைத் தூண்டும் பொருளைத் தேடியவர்களும் பிறகு இதே மூலக்கூறுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

செய்தி கிடைத்ததும் கல்லீரல் தன் வேலைப்பட்டியலை மாற்றுகிறது. ஆல்புமின் தயாரிப்பைக் குறைக்கிறது. ஃபைப்ரினோஜெனை இரண்டு மூன்று மடங்கு கூட்டுகிறது. சிஆர்பியையும் சீரம் அமிலாய்டு ஏ என்ற புரதத்தையும் பல நூறு மடங்கு, சில வேளை ஆயிரம் மடங்குகூடப் பெருக்குகிறது. நிமோனியா வந்தாலும் இதே மாற்றம்தான், எலும்பு முறிந்தாலும் இதே மாற்றம்தான், பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இதே மாற்றம்தான். செய்தி எங்கிருந்து வந்தது என்று கல்லீரலுக்குத் தெரியாது. ஆகவே அது வெளியிடும் புரதத்தை மட்டும் அளக்கும் நமக்கும் தெரியாது.

இந்தப் புரதங்களை நாம் அறிந்துகொண்ட கதை நேர்க்கோட்டில் போகவில்லை. மூட்டுக்காக யாரும் இவற்றைத் தேடவில்லை. ஈஎஸ்ஆரையே எடுத்துக்கொள்வோம். ரத்தத்தை உறையாமல் ஒரு குழாயில் நிறுத்தினால் சிவப்பணுக்கள் மெல்லக் கீழிறங்கும். நோயாளிகளுக்கு இது வேகமாக நடக்கிறது என்றும், ஃபைப்ரினோஜெனுக்கு இதில் தொடர்பு உண்டு என்றும் போலந்து மருத்துவர் எட்மண்ட் பியர்நாட்ஸ்கி 1897-இல் எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1918-இல் ஸ்வீடனில் ராபின் ஃபோரியஸ் இதையே கர்ப்பத்தைக் கண்டறியும் சோதனையாக்கப் பார்த்தார். கர்ப்பிணிகளுக்கு ஃபைப்ரினோஜென் கூடுவதால் அணுக்கள் வேகமாக இறங்கும். அதே நாட்டு ஆல்ஃப் வெஸ்டர்கிரென் 1921-இல் காசநோயாளிகளைப் பின்தொடர இதைப் பயன்படுத்தினார். இன்றும் அந்தக் குழாய்க்கு அவர் பெயர்தான்.

சிவப்பணுவின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் உண்டு. அதனால் அவை ஒன்றையொன்று விலக்கும். ஃபைப்ரினோஜெனும் எதிர்ப்பொருள்களும் பிளாஸ்மாவில் கூடினால் அந்த விலக்கம் தளர்ந்து, உண்டியல் காசை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் அணுக்கள் ஒட்டிக்கொள்ளும். அடுக்கு கனமானது, விரைவாக இறங்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்பதே நாம் படிக்கும் எண். ஆக ஈஎஸ்ஆர் என்பது எந்த ஒரு பொருளின் அளவும் இல்லை. பல புரதங்களும் சிவப்பணுக்களும் சேர்ந்து காட்டும் ஒரு நடத்தை. ரத்தசோகை இருந்தால் ஏறும். வயது கூடினால் ஏறும். ஆண்களுக்கு வயதில் பாதி, பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி வரை போகலாம் என்பது நாங்கள் மாணவர்களுக்குச் சொல்லும் தோராயக் கணக்கு. 70 வயதுப் பாட்டிக்கு 40 என்பது நோயைக் காட்டும் எண் ஆகாது. ஆய்வகத் தாளில் அது தடித்த எழுத்தில் அச்சாகி வருகிறது, வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் போய்விடுகிறது.

சிஆர்பியின் கதை இன்னும் சுவாரசியம். 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில், ஆஸ்வால்ட் ஏவரியின் ஆய்வகத்தில், வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியாவை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நிமோகாக்கஸ் கிருமியிலிருந்து பிரித்த ஒரு சர்க்கரைப் பொருளுக்கு 'சி' என்று குறியீடு வைத்திருந்தார்கள். நோயாளியின் சீரத்தில் அதைக் கலந்தால் வெண்மையாகப் படிந்தது. எதிர்ப்பொருள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் எதிர்ப்பொருளாக இருந்தால் நோய் தீரத் தீரக் கூட வேண்டும். இதுவோ காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது நிறைய இருந்தது, நோயாளி தேறியதும் காணாமல் போனது. போதாததற்கு, அந்தக் கிருமியே இல்லாத வேறு காய்ச்சல்காரர்களிடமும் தென்பட்டது. கால்சியம் இருந்தால் மட்டுமே அது ஒட்டுகிறது என்பதும், அது ஒரு புரதம் என்பதும் அடுத்த பத்தாண்டில் தெளிவாயின. ஒரே மாதிரியான ஐந்து துண்டுகள் வட்டமாகச் சேர்ந்த மூலக்கூறு அது. கிருமியின் உறையிலும், நம்முடைய சிதைந்த செல்களின் உறையிலும் வெளிப்படும் பாஸ்போகோலின் என்ற பொருளைப் பற்றிக்கொண்டு, அவற்றை அப்புறப்படுத்தக் காம்ப்ளிமென்ட் என்ற புரதக் குழுவை அழைக்கும்.

நடைமுறையில் இதன் பெருமை வேகத்தில் இருக்கிறது. தூண்டல் வந்த சில மணி நேரத்தில் ஏறும். ரத்தத்தில் அதன் அரை ஆயுள் 19 மணி நேரம்தான், அதனால் தூண்டல் நின்றால் சில நாளில் இறங்கிவிடும். ஈஎஸ்ஆர் அப்படியில்லை. ஃபைப்ரினோஜெனின் அரை ஆயுள் ஏறக்குறைய நான்கு நாள். எதிர்ப்பொருள்களில் பெரும்பான்மையான ஐஜிஜி வகைக்கு மூன்று வாரம். நோயாளியின் வீக்கம் வற்றிய பிறகும் ஈஎஸ்ஆர் வாரக்கணக்கில் உயரத்திலேயே நிற்கலாம். 'சிஆர்பி 4, ஈஎஸ்ஆர் 55, எதை நம்புவது?' என்ற கேள்வி அடிக்கடி வரும். இரண்டுமே உண்மை. ஒன்று இந்த வாரத்தைச் சொல்கிறது, மற்றொன்று போன மாதத்தையும் சேர்த்துச் சொல்கிறது.

இந்த இரண்டு எண்களுக்கும் மருத்துவ உலகம் எவ்வளவு மதிப்பெண் தருகிறது தெரியுமா? முடக்குவாதத்தை வகைப்படுத்த அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுநோய் அமைப்புகள் 2010-இல் சேர்ந்து ஒரு முறையை வகுத்தன. மொத்தம் 10 மதிப்பெண், 6 எடுத்தால் முடக்குவாதம். எத்தனை மூட்டுகள், எந்த மூட்டுகள் என்பதற்கு அதிகபட்சம் 5. ரத்தத்தில் குறிப்பிட்ட எதிர்ப்பொருள்கள் இருப்பதற்கு அதிகபட்சம் 3. ஆறு வாரம் நீடித்திருந்தால் 1. ஈஎஸ்ஆரும் சிஆர்பியும், ஒன்று ஏறியிருந்தாலும் இரண்டும் ஏறியிருந்தாலும், சேர்த்து 1 மட்டுமே. தேர்வு எழுதும் முன் ஒரு நிபந்தனையும் உண்டு. ஒரு மூட்டாவது வீங்கியிருப்பதை மருத்துவர் தொட்டு உணர்ந்திருக்க வேண்டும். அது இல்லாமல் தாளிலுள்ள எண்ணைக் கொண்டு யாருக்கும் முடக்குவாதம் என்று பெயர் சூட்ட முடியாது.

சிஆர்பி ஏமாற்றும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். முதுகுத்தண்டைப் பிடிக்கும் ஆங்கிலோசிங் ஸ்பான்டிலைடிஸ் நோயில் கணிசமானவர்களுக்கு அது சாதாரணமாகவே இருக்கும். காலையில் குனிய முடியாமல் தவிக்கும் இருபத்தைந்து வயது இளைஞனை, சிஆர்பி சரியாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஆண்டுக்கணக்கில் வலி மாத்திரையோடு அனுப்பியவர்கள் உண்டு. லூபஸ் நோயில் மூட்டும் சிறுநீரகமும் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் சிஆர்பி அவ்வளவாக ஏறாமல் இருக்கலாம். எதிர்ப்பக்கம், உடல்பருமன் உள்ளவர்களுக்கு அழற்சி மூட்டுநோய் இல்லாமலே அது சற்று உயர்ந்திருக்கும். கொழுப்புத் திசுவும் இன்டர்லூக்கின்-6 சுரக்கிறது. முழங்கால் தேய்மானத்தோடு பருமனும் உள்ள ஒரு அம்மாவுக்கு சிஆர்பி 9 என்று வந்தால் அதில் பதற ஒன்றுமில்லை.

இதே இன்டர்லூக்கின்-6 செய்யும் இன்னொரு வேலை நம் வீட்டுப் பெண்களைத் தொடுவது, அதைச் சற்று நின்று பேச வேண்டும். முடக்குவாதம் உள்ள பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 9-இலேயே நிற்கும். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், இரும்பு மாத்திரை எல்லாம் கொடுத்துப் பார்ப்பார்கள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று பழி அந்தப் பெண்மேலேயே விழும். நடப்பது வேறு. இன்டர்லூக்கின்-6 கல்லீரலை ஹெப்சிடின் என்ற சிறு புரதத்தைச் சுரக்கவைக்கிறது. இது கண்டுபிடிக்கப்பட்டது 2000-ஐ ஒட்டித்தான். குடல் செல்களும், பழைய சிவப்பணுக்களைச் சிதைத்து இரும்பைச் சேமிக்கும் செல்களும் இரும்பை வெளியே விடும் வாசலை ஹெப்சிடின் அடைத்துவிடுகிறது. உடம்பில் இரும்பு இருக்கும், எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேராது. கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் தடுக்கும் பழைய தற்காப்பு இது என்று கருதுகிறார்கள். தற்காப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டால் அதுவே நோய்.

இதில் இன்னொரு சிக்கல். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் அழற்சியில் ஏறும் புரதம்தான். உண்மையிலேயே இரும்புக் குறைவு உள்ளவருக்கும் அழற்சியால் ஃபெரிட்டின் சாதாரணமாகத் தெரியலாம். நம் நாட்டுப் பெண்களில் பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். மூட்டு அழற்சியை அடக்கினாலே ஹீமோகுளோபின் தானாக ஏறுவதைப் பலரிடம் பார்க்கிறோம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, சோகையின் வேர் இங்கே விரல் மூட்டில் இருந்தது.

சீரம் அமிலாய்டு ஏ பற்றி ஒன்று மட்டும். பல ஆண்டுகள் கட்டுக்கடங்காமல் உயர்ந்திருந்தால் அதன் துண்டுகள் சிறுநீரகத்தில் படிந்து அதைப் பழுதாக்கும். நல்ல மருந்துகள் வந்த பிறகு இது அரிதாகிவிட்டது.

இதுவரை பேசியவை மூட்டிலிருந்து வந்த செய்திக்குக் கல்லீரல் தந்த பதில்கள். இனி எதிர்ப்பொருள்கள். நம் ஊர் ஆய்வகங்கள் ஆர்ஏ ஃபேக்டர் என்று அழைக்கும் ருமட்டாய்டு ஃபேக்டர், எதிர்ப்பொருளுக்கே எதிரான எதிர்ப்பொருள். ஐஜிஜி-யின் வால்பகுதியைப் பிடித்துக்கொள்ளும் ஐஜிஎம். நார்வே நோயியலாளர் எரிக் வாலர் வேறொரு சோதனைக்காகச் செம்மறி ஆட்டின் சிவப்பணுக்களை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். முடக்குவாத நோயாளி ஒருவரின் சீரம் அந்த அணுக்களைக் கட்டி கட்டியாகத் திரட்டியது. 1940-இல் வெளியிட்டார். அந்த ஆண்டில்தான் ஜெர்மன் படை நார்வேக்குள் புகுந்தது, கட்டுரை கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1948-இல் நியூயார்க்கில் ஹாரி ரோஸும் கூட்டாளிகளும் அதையே தற்செயலாக மறுபடி கண்டார்கள்.

இந்தச் சோதனை நம் ஊரில் படும் பாடு சொல்லி மாளாது. உடம்பு வலி என்று போனாலே எழுதிக் கொடுக்கிறார்கள், முழு உடல் பரிசோதனைப் பட்டியலிலும் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டெல்லிப் பகுதியில் மலவியாவும் குழுவினரும் செய்து 1993-இல் வெளியிட்ட ஆய்வில் வயது வந்தவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு முடக்குவாதம் இருந்தது. அப்படியானால் ஆயிரம் பேரில் ஏழெட்டுப் பேர். அவர்களில் ஏறக்குறைய 70 சதவீதத்தினருக்கு இந்தச் சோதனை பாசிட்டிவ், அதாவது ஐந்து பேர். மீதமுள்ள 992 பேரில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு நோயே இல்லாமல் பாசிட்டிவ் வரும் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம், அது 50 பேர். ஆயிரம் பேரைச் சோதித்தால் பாசிட்டிவ் வந்தவர்களில் பதினொருவரில் ஒருவருக்குத்தான் நோய் இருக்கும். முதியவர்களிடமும், தொழுநோய், காசநோய், ஹெபடைட்டிஸ்-சி, இதய வால்வில் கிருமித்தொற்று உள்ளவர்களிடமும் பொய் பாசிட்டிவ் இன்னும் கூடும். மறுபக்கம், உண்மையான நோயாளிகளில் இரண்டு மூன்று பேரின் பெயர் அந்தப் பாசிட்டிவ் பட்டியலில் வராமலே போகிறது. மூட்டு வீங்காதவருக்கு இந்தச் சோதனையை எழுதாமல் இருப்பதே நல்ல வைத்தியம்.

ஆன்டி-சிசிபி அதைவிடக் கூர்மையான சோதனை. நம் புரதங்களில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் உண்டு. பிஏடி என்ற நொதி அதைச் சிட்ருலினாக மாற்றிவிடும். மரபணுவின் எழுத்துகளில் சிட்ருலினுக்கு இடமே கிடையாது. புரதம் உருவான பிறகு செய்யப்படும் திருத்தம் அது. செல்கள் அழியும்போது எல்லோருக்கும் இது நடக்கிறது. சில மரபு அமைப்பு உள்ளவர்களின் உடல் மட்டும் திருத்தப்பட்ட புரதத்தை அந்நியன் என்று எடுத்துக்கொண்டு அதற்கு எதிர்ப்பொருள் செய்கிறது. நெதர்லாந்தில் வான் வென்ரோயின் குழு 1998-இல் இந்தச் சிட்ருலினைச் சுட்டிக்காட்டியது. இரண்டே ஆண்டில் சோதனையும் வந்தது. இது பாசிட்டிவ் ஆனால் முடக்குவாதம் இருக்கும் வாய்ப்பு ஆர்ஏ ஃபேக்டரைவிட மிக அதிகம்.

சிட்ருலினை முதலில் ஜப்பானில் தர்பூசணிச் சாற்றிலிருந்துதான் பிரித்தார்கள். இதைக் கேட்டதும் கோடையில் தர்பூசணியை நிறுத்திவிட வேண்டாம். பழத்தில் இருப்பது தனி அமினோ அமிலம். அது போய் நம் புரதங்களுக்குள் உட்காராது. வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் அப்படியே அழித்துவிடுங்கள்.

பயப்பட வேண்டியது புகைக்கு. சிகரெட், பீடி புகை நுரையீரலில் இந்தத் திருத்தத்தைத் தூண்டுகிறது. மரபு அமைப்பும் புகையும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு ஏறுகிறது. ஈறு நோயில் வாழும் ஒரு கிருமியிடம் சொந்தமாகவே பிஏடி வகை நொதி இருக்கிறது. எனவே எதிர்ப்பொருள் முதலில் பிறக்கும் இடம் மூட்டாக இல்லாமல் நுரையீரலாகவோ வாயாகவோ இருக்கலாம் என்ற எண்ணம் வலுப்பட்டு வருகிறது. ஆம்ஸ்டர்டாம் ரத்த வங்கியில் சேமித்திருந்த பழைய மாதிரிகளைத் தேடி 2004-இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. பின்னாளில் முடக்குவாதம் வந்த 79 ரத்தக் கொடையாளர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு, நோய் தொடங்கும் முன்பே இந்த எதிர்ப்பொருள்களில் ஒன்றாவது ரத்தத்தில் இருந்திருக்கிறது. எதிர்ப்பொருள் தென்பட்டதிலிருந்து நோய் தொடங்கும் வரையிலான இடைநிலைக் காலம் நான்கரை ஆண்டு. அத்தனை நாளும் அவர்கள் கைகால் நன்றாக இருந்து, ரத்தமும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது முன்பு பார்த்த ஃபைப்ரினோஜெனுக்குத் திரும்புகிறேன். கசிந்து மூட்டுக்குள் வந்த ஃபைப்ரினோஜென், அங்கே குவிந்த செல்களின் நொதியால் சிட்ருலின் திருத்தம் பெறுகிறது. இந்த எதிர்ப்பொருள்களுக்கு மிகப் பிடித்த இலக்குகளில் அது ஒன்று. எதிர்ப்பொருள் அதைப் பிடிக்க, ஆர்ஏ ஃபேக்டர் அந்த எதிர்ப்பொருளைப் பிடிக்க, அந்தத் திரளைக் கண்டு காம்ப்ளிமென்ட் புரதங்கள் வந்து குவிகின்றன. முடக்குவாத நோயாளியின் ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் அளவு சாதாரணமாகவோ கூடுதலாகவோ இருக்கும், அதே ஆளின் மூட்டுநீரில் குறைந்திருக்கும். அங்கே செலவாகிக்கொண்டே இருக்கிறது. கல்லீரல் அனுப்பிய ஃபைப்ரினோஜென், வெள்ளையணு வம்சம் அனுப்பிய எதிர்ப்பொருள், பழைய காவல் படையான காம்ப்ளிமென்ட் மூன்றும் ஒரே மூட்டில் சந்தித்து ஒன்றையொன்று வளர்க்கின்றன.

அப்படியானால் பிளாஸ்மாவையே மாற்றிவிட்டால் என்ன? நியாயமான கேள்வி, கேட்டும் பார்த்தார்கள். நோயாளியின் ரத்தத்தை எடுத்து, பிளாஸ்மாவை நீக்கி, அணுக்களைத் திருப்பி ஏற்றும் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை நாற்பது ஆண்டுக்கு முன் பெரிய நம்பிக்கையாக இருந்தது. யாருக்கு உண்மைச் சிகிச்சை, யாருக்குப் பாவனைச் சிகிச்சை என்று தெரியாதபடி ஒரு குழு இதை ஒழுங்காகச் சோதித்து 1983-இல் வெளியிட்டது. ஆய்வக எண்கள் மளமளவென்று இறங்கின. நோயாளிகளுக்குக் குறிப்பிடத்தக்க பலன் ஏதுமில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. பாசனத்தை விட்டுவிட்டு வடிகாலைத் துப்புரவு செய்தார்கள் என்று என் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் கிண்டல் செய்வார். எதிர்ப்பொருளை எடுத்தாலும் அதைச் செய்யும் செல்கள் இருக்கின்றனவே. அந்தச் செல்களின் முன்னோடிகளான பி செல்களை ரிட்டுக்சிமாப் மருந்தால் நீக்கிப் பார்த்த லண்டனின் ஜொனாதன் எட்வர்ட்ஸ் குழு 2004-இல் நல்ல பலனைக் காட்டியது.

செய்தியாளனையே தடுத்தால்? 1992-இல் லண்டனில் ஃபெல்ட்மனும் மைனியும் டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் எதிர்ப்பொருளை முடக்குவாத நோயாளிகளுக்கு முதல்முறையாக ஏற்றினார்கள். மூட்டு வீக்கம் வற்றியது, கூடவே சிஆர்பியும் விழுந்தது. இன்டர்லூக்கின்-6-இன் ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாப் 2008-இல் ஜப்பானில் முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்றது. இந்தப் பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்காது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில், ஒரு குப்பி கிடைக்குமா என்று ஊர் ஊராக அலைந்தார்களே, அதே மருந்துதான்.

இந்த மருந்து போட்டவர்கள் வீட்டில் இருந்தால் ஒன்றைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கல்லீரலுக்குச் செய்தி போகும் வழியையே அது அடைத்துவிடுவதால், சிஆர்பி சில வாரத்தில் ஏறக்குறைய பூஜ்யமாகிவிடும். மூட்டில் மிச்சமிருக்கும் வீக்கத்தையும் அந்தப் பூஜ்யம் மறைக்கும். அதைவிட மோசம், நிமோனியாவோ வயிற்றில் சீழோ வந்தாலும் சிஆர்பி ஏறாமல், காய்ச்சல்கூடச் சரியாகக் காட்டாமல் போகலாம். நள்ளிரவில் அவசரப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவர் தாளைப் பார்த்து 'சிஆர்பி நார்மல்' என்று சொல்லிவிடுவார். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இந்த ஊசி போட்டிருப்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

இத்தனை புது மருந்துகள் வந்தும் முதலில் எழுதுவது என்னவோ மெத்தோட்ரெக்ஸேட்டைத்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமை தாங்கிய லெடர்லே ஆய்வகத்தில் பிறந்த மருந்து. புற்றுநோய்க்காக உருவானது. வாரத்தில் ஒரே நாள் சாப்பிட வேண்டும், தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கிழமையை மாத்திரை அட்டையிலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.

கடைசியாக, ஆன்டி-சிசிபி இருக்கிறது, மூட்டு வலிக்கிறது, ஆனால் வீக்கம் இன்னும் இல்லை என்பவர்கள். நோய் வாசலுக்கு வருமுன்பே தடுக்க முடியுமா? பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் இப்படிப்பட்ட 213 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2024-இல் வெளியானது. ஒரு பாதிக்கு அபாட்டசெப்ட் ஊசி வாரம் ஒன்றாக ஓராண்டு, மறுபாதிக்கு மருந்தில்லாத ஊசி. ஓராண்டு முடிவில் மருந்து எடுத்தவர்களில் 6 சதவீதத்தினருக்கும், எடுக்காதவர்களில் 29 சதவீதத்தினருக்கும் நோய் வந்திருந்தது. ஊசியை நிறுத்தி இன்னோர் ஆண்டு கழிந்ததும் அந்த எண்கள் 25, 37 என்று நெருங்கிவிட்டன. நோயைத் தள்ளிப்போட முடிகிறது, எவ்வளவு நாளுக்கு என்பதுதான் வாதம். மருந்து எடுக்காதவர்களிலும் பாதிக்கு மேல் இரண்டாண்டு வரை நோயின்றியே இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அவர்கள் எல்லோருக்கும் விலை உயர்ந்த ஊசி போட்டிருந்தால் அது யாருக்காக? ஆகவே இப்போதைக்கு அப்படி வருகிறவர்களிடம் புகையை விடச் சொல்கிறேன், பல் மருத்துவரிடம் ஈறைக் காட்டச் சொல்கிறேன். காலையில் எழுந்து விரல் மடக்க அரை மணிக்கு மேல் ஆனாலோ, ஒரு முட்டி வீங்கினாலோ, அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அந்த வாரமே வரச் சொல்கிறேன். இதில் உங்களில் யாருக்காவது மாற்றுக் கருத்து இருந்தால், கேள்வி நேரத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.